ஐப்பசி வரை நெல்: ஆவுடையார்கோவில் வட்டாரத்து வீட்டுச் சிக்கனம்

அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே வெள்ளாற்றை ஒட்டி அமைந்துள்ள ஆவுடையார்கோவில், திருப்பெருந்துறை என்னும் பழம்பெயரோடு சைவ மரபில் நிலைபெற்ற ஊர். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கக் கருவூலப் பொருளோடு வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், இங்கே குருவைக் கண்டு, கொண்டுவந்த பொருளையெல்லாம் கோவில் திருப்பணிக்கே செலவிட்டுவிட்டார் என்பது ஊரறிந்த மரபுக்கதை. அரசன் ஒருவனின் கருவூலம் கரைந்த கதைக்கு உரிய இவ்வூரைச் சுற்றியுள்ள வீடுகள், தம் குதிரில் இருந்த நெல்லை ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரை கரையாமல் எவ்வாறு காத்தன என்பது கதையாகச் சொல்லப்படவில்லை. கல்வெட்டிலோ ஓலையிலோ அதற்கு இடம் கிடைக்கவும் இல்லை. ஆனால் இவ்வட்டாரத்தின் பொருளாதார வரலாற்றில் அதற்கு உரிய இடம் பெரிது.

சிக்கனம் இங்கே ஏன் இத்தனை கண்டிப்பான ஒழுங்காக வளர்ந்தது என்பதற்கு மண்ணும் மழையுமே முதற்காரணம். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும், 1974 ஜனவரியில் அம்மாவட்டம் உருவாக்கப்படும் வரை அறந்தாங்கிப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. தஞ்சை என்றதும் நினைவுக்கு வரும் காவிரி வளம் மட்டும் இந்தத் தென்கோடிக்கு வாய்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில், அதாவது கரைகட்டித் தேக்கிய ஏரிகளில், பிடித்துவைத்து ஒருபோகம் விளைவிப்பதே இங்குள்ள வேளாண்மை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டதையொட்டி, கல்லணையில் தொடங்கிச் சுமார் 148 கி.மீ. நீளத்துக்கு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் நாகுடி, மும்பாலைப் பக்கம் வரை தண்ணீரைக் கொண்டுவந்தது உண்மை. ஆயினும் கால்வாயின் கடைசி மடைக்கு, உழவர் சொல்லும் ‘கடைமடை’க்கு, மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதான் வரும், அதுவும் உரிய நாளில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே தை மாதம் களத்தில் அளந்த நெல்லை வைத்துக்கொண்டு மாசி முதல் மார்கழி வரை பதினொரு மாதம் ஓட்டியாக வேண்டும் என்ற கணக்கு, ஒவ்வொரு வீட்டின் அன்றாடத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்தக் கணக்கு பணத்தில் போடப்பட்டது அன்று. முகத்தல் அளவையில் போடப்பட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று ஏறும் அளவைகளில், களத்தில் ஆண்கள் கையாண்டவை கலமும் மரக்காலும், அடுப்படியில் பெண்கள் கையாண்டவை நாழியும் உழக்கும் ஆழாக்கும். அளவை ஒன்றாக இருந்தாலும் பொறுப்பு இவ்வாறு இரண்டாகப் பிரிந்திருந்தது. வாரம், வட்டி, கூலி, கோவிலுக்குச் செலுத்துவது எல்லாம் களத்திலேயே கழிந்துபோக, வீட்டுக்குள் வந்த நெல் மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசிச் செய்த குதிரிலோ, வசதி உள்ளவர் வீட்டில் மரப்பலகையால் அமைந்த பத்தாயத்திலோ கொட்டி மூடப்பட்டது. குதிரின் அடிப்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதை அடைத்திருக்கும் துணியையோ மண்ணையோ நீக்கி, அன்றைய தேவைக்கு மட்டும் நெல்லைச் சரியவிட்டு மறுபடி அடைத்துவிடுவார்கள். மேலிருந்து அள்ளினால் எவ்வளவு குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்து மனம் கலங்கும் அல்லது கை தாராளமாகும். அடித்துளை வழியே எடுக்கும்போது பழைய நெல் முதலில் செலவாகும், கையும் கட்டுக்குள் நிற்கும். எளிய மண்கலத்தின் அமைப்பிலேயே செலவுக்கு ஒரு கடிவாளம் போட்டிருந்த இந்த அறிவு, பிற்காலத்து உண்டியல்களுக்கும் வைப்புக் கணக்குகளுக்கும் எவ்வகையிலும் குறைந்ததன்று. விதைநெல்லோ இந்தக் குதிரோடு சேராது. வைக்கோற்புரியால் இறுக்கிக் கட்டிய கோட்டையில் தனியே இருக்கும். பசி நேர்ந்தாலும் அதைத் தொடலாகாது என்பது எழுதப்படாத சட்டம்.

நெல்லை அரிசியாக்கும் முறையில் இவ்வட்டாரச் சிக்கனத்தின் நுட்பம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பொழுது சாய்வதற்குள் அண்டாவில் நெல்லை ஊறப்போட்டு, விடியுமுன் அடுப்பு மூட்டி அவித்து, வாய் பிளக்கும் பதத்தில் இறக்கிக் களத்தில் கொட்டிப் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் வரிவரியாகத் துழாவி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்து, அதன்பின் உரலில் இட்டு உலக்கையால் குத்துவது புழுங்கலரிசி செய்யும் முறை. இதற்கு விறகும் ஒருநாள் உழைப்பும் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைத்தவை பல. அவித்த நெல் குத்தும்போது பச்சைநெல்லைப்போல் நொறுங்காது, ஆகவே ஒரு மரக்கால் நெல்லுக்கு முழு அரிசி கூடுதலாகத் தேறும். புழுங்கலரிசிச் சோறு நீரில் இட்டால் மறுநாள் காலையிலும் குழையாமல் நிற்கும், வயிற்றிலும் நெடுநேரம் தாங்கும். சொளகில் புடைக்கும்போது பிரியும் எதுவும் வீணாகாது: உமி அடுப்பெரிக்கவும் கரியாகிப் பல் துலக்கவும், தவிடு மாட்டுக்கும், நொய் கஞ்சிக்கும் போகும். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானையில் சேர்ந்து மாலையில் கறவை மாட்டின் தொட்டிக்குப் போய்ப் பாலாகத் திரும்பி வரும்.

ஆவுடையார்கோவில் ஆத்மநாதசுவாமி கோவிலின் வழிபாட்டிலும் இந்தப் புழுங்கலரிசிக்கு ஓர் இடம் உண்டு என்பது தனித்துக் குறிப்பிடத்தக்கது. பொதுவாகச் சிவாலயங்களில் பச்சரிசிச் சோறே படைக்கப்படும். இங்கே, லிங்கத்தின் பாணப்பகுதி இன்றி ஆவுடையாராகிய பீடம் மட்டுமே அமைந்த சந்நிதிக்கு எதிரே, கல்மேடையின் மீது புழுங்கலரிசிச் சோறு சுடச்சுடக் கொட்டப்பட்டு, அதிலிருந்து எழும் ஆவியே நிவேதனமாகக் கொள்ளப்படுகிறது. கீரையும் பாகற்காயும் அதனோடு படைக்கப்படுகின்றன. இறைவன் முதிய ஆசிரியராக வந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார் என்றும், வீடுகள் முறைவைத்து அவருக்கு அளித்த உணவே பின்னர் படையலாயிற்று என்றும் தலபுராண மரபு கூறுகிறது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆளுகையில் உள்ள இப்பெருங்கோவில், அதன் கல்லாலான கொடுங்கைகளின் வேலைப்பாட்டுக்காகச் சிற்பிகளிடையே பெயர்பெற்றது. பொருளும் உழைப்பும் அளவின்றிக் கொட்டப்பட்ட அத்தகைய மண்டபத்தின் நடுவே, வட்டாரத்துக் குடியானவர் வீட்டின் அன்றாடச் சாப்பாடு மாற்றமின்றி ஏற்கப்பட்டிருப்பது இவ்வூர் வழிபாட்டின் பெருமை என்றே கொள்ள வேண்டும்.

சிக்கனத்துக்காக மேற்கொள்ளப்பட்ட இந்த முறைக்கு வேறொரு பயனும் இருந்தது. அதைக் கண்டறிந்தது தமிழ்நாட்டு ஆய்வு அன்று, மலாயாவில் நடந்த ஆய்வு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்னும் நரம்புத் தளர்ச்சி நோய் பலரைக் கொன்றபோது, தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியதும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் மிக அரிதாகவே தோன்றியதும் மருத்துவர் பிராடனின் கவனத்துக்கு வந்தன. தொடர்ந்து பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள் சாலைப் பணியாளரிடையே இருவகை அரிசியையும் கொடுத்து ஆராய்ந்து, வெள்ளரிசியே நோய்க்குக் காரணம் என்று காட்டினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது. அரிசி நொறுங்கக் கூடாது என்று விடியுமுன் எழுந்து நெல் அவித்த பெண்கள், தம் வீட்டாரின் உடல்நலத்தையும் அதே அண்டாவில் காத்திருக்கிறார்கள்.

மற்றச் செலவுகளைக் குறைத்த வழிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். காய் மலிந்த மாதத்தில் கொத்தவரையையும் கத்தரியையும் சுண்டையையும் உப்பிட்டு வற்றலாக்கி, மிளகாயை மோரில் ஊறவைத்து உலர்த்தி, மழைமாதத்துக்கு வைத்துக்கொள்வார்கள். கிழக்கே ஒருசில காதத் தொலைவிலுள்ள கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிக் கரையிலிருந்து மீனவப் பெண்கள் கூடையில் கொண்டுவந்த கருவாட்டுக்கு விலை நெல்லாகவே அளக்கப்பட்டது. காசு கைமாறாத இந்த வணிகத்தில் கடற்கரை வீடும் கண்மாய்க்கரை வீடும் ஒன்றையொன்று தாங்கின. எரிக்க முள்ளும் பனைமட்டையும் விராட்டியும், விளக்குக்கு இலுப்பையும் வேம்பும் தந்த எண்ணெய்யும் போதுமானவையாக இருந்தன. வீட்டுக்குள் உற்பத்தியாகாமல் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தவை உப்பு, துணி, இரும்பு, பிற்காலத்தில் மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஆகிய சிலவே.

இவ்வாறு சொல்லும்போது பழங்காலத்தைப் பொன்னாக்கிவிடும் தவறு நேர்ந்துவிடக் கூடாது. நிலம் உடையவர் வீட்டில் திட்டமாக இருந்த சிக்கனம், நெற்கூலிக்கு உழைத்த நிலமற்றோர் வீட்டில், அவர்களுள் பெரும்பாலோரான தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைகளில், வேறு வழியில்லாத பட்டினியாகவே இருந்தது. அன்றாடம் அளக்கப்பட்ட கூலிநெல் அன்றே குத்தி அன்றே உலையேறும்; குதிரில் நிறுத்திவைக்க அங்கே நெல் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் பழைய நெல் தீர்ந்து புதுநெல் வராத இடைவெளியில் அவர்கள் வாங்கிய கடன், தையில் கூலியிலிருந்தே பிடித்துக்கொள்ளப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மாண்டவர்களுள் இத்தகைய குடும்பங்களே மிகுதி. வசதியுள்ள வீட்டுக்குள்ளும் சிக்கனத்தின் சுமை சமமாக விழவில்லை. ஆண்களும் பிள்ளைகளும் உண்டு முடித்த பின் பானையில் எஞ்சியதை உண்பது வீட்டுப் பெண்களின் வழக்கமாக இருந்தது. அரிசி ஓர் ஆழாக்குக் குறைத்துப் போடப்பட்ட நாளில் குறைந்தது யாருடைய பங்கு என்பதைக் கேட்டறியத் தேவையில்லை.

அந்தப் பெண்களே தம் கையளவில் ஒரு சேமிப்பையும் உருவாக்கி வைத்திருந்தனர். உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கமே அது. ஒரு பிடி குறைவதை உண்பவர் உணரமாட்டார். மாதக் கடைசியில் கலயத்தில் சேர்ந்திருப்பது எதிர்பாராத விருந்தாளிக்கோ, பிறந்த வீட்டுப் பிள்ளைக்கோ, கோவில் அன்னதானத்துக்கோ உதவும். பிற்காலத்தில் காஞ்சி மடம் உள்ளிட்ட அமைப்புகள் இவ்வழக்கத்தைப் பொதுத்தொண்டுக்கான திட்டமாக எடுத்து நடத்தின. இதை ஒத்த ஏற்பாடு, எவ்விதத் தொடர்பும் இல்லாமல், மிசோரம் மலைநாட்டிலும் உண்டு. அங்கே 1910 முதல் தேவாலயப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி ஒதுக்கித் திருச்சபைப் பணிகளை நடத்திவருகின்றனர். அரிசி உண்ணும் இரு சமூகங்களில், கையில் பணம் இல்லாத பெண்கள் ஒரே வழியைக் கண்டடைந்தது இயல்பே.

காசு இவ்வீடுகளுக்குள் மெல்ல மெல்லவே நுழைந்தது. அண்டையிலிருந்த புதுக்கோட்டைத் தனியரசு, 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை, பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு என்னும் சிறு செப்புநாணயத்தை வழங்கிவந்தது. நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு அளிக்கப்பட்ட அந்தக் காசு, ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு ரூபாயில் 320-இல் ஒரு பங்கு மதிப்புடையது. நிலத்தையும் நெல்லையும் பிரித்துக் கணக்கிடத் தமிழர் பயன்படுத்திய முந்திரி என்னும் பின்னமும் 320-இல் ஒன்றே என்பதால், திண்ணைப் பள்ளியில் பின்ன வாய்பாடு மனப்பாடம் செய்தவர்க்கு இந்தக் காசு எளிதில் பிடிபட்டிருக்கும். இத்தனை சிறிய நாணயம் புழங்கிய சந்தையில் ஒரு பைசாவைக்கூட மிச்சம்பிடிக்க இடமிருந்தது.

பெருந்தொகை வந்த வழி கடல்வழி. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள் அனுப்பிய பணம், 1880-இல் அஞ்சல்துறை தொடங்கிய மணியார்டர் மூலம் ஊர்களுக்கு வந்துசேர்ந்தது. 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் தொடங்கியது. ஆயினும் அஞ்சலகப் புத்தகத்தில் கிடக்கும் பணத்தைவிடக் காதிலும் கழுத்திலும் கிடக்கும் பொன்னையே வீடுகள் நம்பின. இதை அறியாமை என்று அன்றைய அதிகாரிகள் கருதினாலும், 1906-இல் சென்னை ஆர்பத்நாட் வங்கி முறிந்து பல்லாயிரம் பேருடைய சேமிப்பு மூழ்கிய நிகழ்வை எண்ணிப்பார்த்தால் அந்த அவநம்பிக்கையில் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது.

குடியானவர் கடன்படுவதற்குக் காரணம் கலியாணம், காதுகுத்து, கருமாதி என்று அவர்கள் செய்யும் வீண்செலவே என்னும் குற்றச்சாட்டு, ஆங்கிலேயர் ஆட்சி நெடுகிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 1875-இல் தக்காணத்தில் உழவர்கள் வட்டிக்கடைக்காரருக்கு எதிராகக் கிளர்ந்தபோது அமைந்த விசாரணைக் குழுவே, திருமணச் செலவுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டுள்ளது என்று பதிவு செய்தபின்னும் அக்குற்றச்சாட்டு ஓயவில்லை. வரியும் வட்டியும் பொய்த்த மழையும் வாங்கிக்கொண்டதை விட்டுவிட்டு, ஆண்டில் ஒருநாள் உறவினருக்கு இட்ட சோற்றைக் குறைசொன்னது நேர்மையான கணக்கன்று. 1890-களில் சென்னை மாகாணத்துக்கு வேளாண் வங்கிகள் பற்றி விரிவாக ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், உள்ளூர்ச் சீட்டுகளையும் நிதிகளையும் கூர்ந்து நோக்கி, மக்களிடம் சேமிக்கும் பழக்கம் இருக்கிறது, அதைக் கட்டிக்காக்கும் அமைப்பே இல்லை என்பதை உணர்ந்தார். 1904-இல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அவருடைய அறிக்கை ஒரு முக்கியத் தூண்டுதல். திருமணச் செலவைக் குறைக்கும் முயற்சியோ அரசிடமிருந்து வராமல், சடங்குகளையும் ஆடம்பரத்தையும் ஒருங்கே ஒழிக்க விரும்பிய சுயமரியாதை இயக்கத்திடமிருந்து வந்தது. 1967-இல் சட்ட ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணம், சிக்கனத்தைச் சமத்துவத்தோடு இணைத்துப் பார்த்தது.

இரண்டாம் உலகப்போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் பணமும் ஒருசேர நின்றன. வீட்டுச் சிக்கனம் அரசின் பங்கீட்டு அட்டையோடு பிணைந்தது அப்போதுதான். 1952-இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும், 1967-இல் அண்ணா ஆட்சி ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியதும், 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டதும் இந்த வரலாற்றின் அடுத்தடுத்த படிகள். நிலமற்ற குடும்பங்களின் ஐப்பசிப் பட்டினி ஒழிந்ததற்குக் கடைமடை நீரைவிட ரேஷன் கடையே பெருங்காரணம் என்று துணிந்து கூறலாம்.

பட்டினி நீங்கிய வீடுகளில் சேமிப்பு வேறு வடிவங்களை எடுத்தது. அவற்றுள் இவ்வட்டாரத்துக்கே உரியது, வடக்கே பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி மாதத்தில் களைகட்டும் மொய் விருந்து. விருந்து வைப்பவர் ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு ஊரை அழைக்க, வந்தவர்கள் வைக்கும் பணம் நோட்டில் பெயர், ஊரோடு பதியப்படுகிறது; பின்னாளில் அப்படிப் பணம் வைத்தவர் வீட்டு விருந்தில் அந்தத் தொகையைப் ‘பழைய மொய்’யாகத் திருப்பிவைத்து, அதற்குமேல் ‘புது மொய்’யும் சேர்த்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 1,000 ரூபாய் வாங்கியவர் 1,500 வைத்தால், 1,000 கடன் தீர்ந்தது, 500 எதிர்வீட்டின் பொறுப்பில் புதிய வரவாக நிற்கிறது. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. நோட்டும் ஊர்வாயும் போதும். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைக் குறைக்கப் பலர் கூடி ஒரே இடத்தில் விருந்து நடத்துவதும் வழக்கமாகிவிட்டது. இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு: எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் பணம் வற்றினால் திருப்பிவைக்க ஆள் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், அதையடுத்துக் கொரோனா ஊரடங்கு வந்தபோதும் அந்த நெருக்கடியை வட்டாரம் நேரில் கண்டது.

மொய் நோட்டுகளில் பெரும்பாலும் குடும்பத்தலைவனின் பெயரே எழுதப்படுகிறது. குதிரைத் திறந்து மூடியவர்களும் கலயத்தில் பிடியரிசி சேர்த்தவர்களும் எந்த நோட்டிலும் பெயராக ஏறியதில்லை. அந்த நிலை மாறத் தொடங்கியது 1991-இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் வீச்சோடு நடந்தபோது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிப்பில் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். சந்தைக்கும் வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் பிறர் துணையின்றிப் போய்வரும் வழி அவர்களுக்கு அதனால் திறந்தது. 1989-இல் தருமபுரியில் சோதனையாகத் தொடங்கி 1990-களின் பிற்பகுதியில் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்த சுயஉதவிக் குழுக்கள், ஏறத்தாழ இருபது பெண்கள் வாரந்தோறும் கூடிச் சிறுதொகை கட்டி, தமக்குள்ளேயே கடன் கொடுத்து, அதன்பின் வங்கிக்கடனும் பெறும் முறையை நிலைநிறுத்தின. இக்குழுக்களின் தீர்மானப் புத்தகத்திலும் சேமிப்புப் பதிவேட்டிலும் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அதைக் கட்டிய பெண்ணின் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இவ்வட்டாரத்து வீடுகளைக் காத்த சேமிப்பு, அதைச் செய்தவர் பெயரிலேயே கணக்கில் ஏறியது அப்போது முதல்தான்.